சிலிண்டரை யார் கையில் கொடுப்பது?

வாணியம்பாடியில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. டேனரி டிரம்முக்கு ஷாஃப்ட் கடைய வேண்டும், தேய்ந்த ரோலர் முனைக்கு வெல்டு வைத்து மறுபடி கடைய வேண்டும். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையிலும் இதே கதைதான். அதனால் பழைய புல்லட், ஜாவா ரெஸ்டோரேஷன் தொழிலில் இறங்கும் இளம் மெக்கானிக்குகள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கண்ணில் படும் முதல் லேத்துக்குள் நுழைந்துவிடுகிறார்கள். டேனரி டிரம் நிமிடத்துக்குச் சில சுற்றுகள்தான் சுற்றும். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் ஓடிவிடும். புல்லட் இன்ஜின் ஐயாயிரம் சுற்றைத் தாண்டும். நல்ல கடைசல்காரர் எல்லோரும் நல்ல போரிங்காரர் அல்லர்.

விசாரிப்பதை ஸ்பேர்ஸ் கடையில் தொடங்காதீர்கள். அங்கே சொல்லப்படும் பெயருக்குப் பின்னால் கமிஷன் இருக்கலாம். பம்புசெட்டு, டிராக்டர், ஆட்டோ இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்கிடம் போங்கள். அவருக்குப் போரிங் வேலை ஓயாது வரும். பிஸ்டன் பிடித்துக்கொண்டால் விவசாயி அவர் வாசலில்தான் வந்து நிற்பார். "பாய், உங்க சிலிண்டரை எங்க குடுக்குறீங்க?" என்று கேட்டால் போதும். இரண்டு மூன்று பேர் ஒரே பட்டறையைச் சொன்னால் அங்கே போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தைத் தவிர்த்து, ஆள் நிதானமாக இருக்கும் வேளையில் போவது நல்லது.

போனதும் மெஷினைப் பார்க்க வேண்டாம், அளவுக் கருவியைப் பாருங்கள். போர் டயல் கேஜும் மைக்ரோமீட்டரும் துணி சுற்றிப் பெட்டியில் இருக்கிறதா? வெறும் வெர்னியரை வைத்துக்கொண்டு போர் அளப்பவராக இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அடுத்து, அவர் உங்களை என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். "பிஸ்டன் எங்கே?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பிஸ்டன் இல்லாமலே "வெச்சிட்டுப் போங்க, ட்வென்ட்டி அடிச்சு வைக்கிறேன்" என்கிறவரிடம் வேலை கொடுக்கக் கூடாது. ட்வென்ட்டி என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, அதாவது 0.508 மி.மீ. ஆர்எக்ஸ் 100 பிஸ்டனோ 0.25, 0.50 என்று மில்லிமீட்டர் கணக்கில் வரும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் எதுவானாலும் பிஸ்டனின் ஸ்கர்ட்டை அளந்து, கம்பெனி சொன்ன கிளியரன்ஸைக் கூட்டி, அதற்குத்தான் போர் அடிக்க வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு இங்கே ஒரு வார்த்தை. பழைய புல்லட் 350-இன் போர் 70 மி.மீ. அந்த அளவு அலுமினியப் பிஸ்டன் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 16 மைக்ரான் விரியும். பைக் டேங்க் பையில் வெயிலில் கிடந்த பிஸ்டனை எடுத்து அப்படியே அளந்தால் கணக்கு அங்கேயே தப்பு. ஹோனிங் முடிந்த கையோடு சூடான சிலிண்டரை அளப்பதும் அதே தப்புதான். ஆறினால் போர் சுருங்கும். நல்ல பட்டறையில் இரண்டையும் ஒரே அறையில் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் அளப்பார்கள். மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரு திசையில், ஆக ஆறு அளவு. ஆறையும் உங்கள் முன்னால் எடுத்துத் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

சிலிண்டரை மெஷினில் கட்டுவதிலும் ஆளின் தரம் தெரிந்துவிடும். போரின் மேல்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும், அதுவும் ஒரு பக்கமாக. அந்தத் தேய்ந்த இடத்தை வைத்து சென்டர் பிடித்தால் புது போர் ஒரு பக்கம் ஒதுங்கிப்போகும். விவரம் தெரிந்தவர் அடிப்பக்கத்தைச் சுரண்டித் துடைத்து, பிசிறு எடுத்து, ரிங் தொடாத கீழ்விளிம்பில் சென்டர் பார்ப்பார். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறவருக்கு மற்ற எதிலும் பொறுமை இருக்காது.

டூ ஸ்ட்ரோக்கானால் போரிங்குக்குப் பிறகு போர்ட்டின் கூர்விளிம்பை மழுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரிங் மாட்டி உடையும். கிராங்க் வேலை தனி: பிரஸ்ஸில் கழற்றிக் கோத்தபின் டயல் வைத்து நேர் பார்க்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். சுத்தியலால் தட்டி நேராக்குபவரும் உண்டு, அவரும் டயல் பார்த்துத்தான் தட்ட வேண்டும்.

புது ஆளிடம் நேரே சிலிண்டரைக் கொடுக்காமல் முதலில் கனெக்டிங் ராடின் சின்ன புஷ்ஷைக் கொடுத்துப் பாருங்கள். ரீமர் போட்டு வந்ததும் பிஸ்டன் பின்னில் ஒரு சொட்டு ஆயில் விட்டு நுழையுங்கள். கட்டைவிரல் அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும், ஆடக் கூடாது. தட்டினால்தான் நுழைகிறது என்றாலும், தானாக விழுகிறது என்றாலும் வேறு பட்டறை பாருங்கள்.

இப்போது காகிதத்துக்கும் இதில் பங்கு வந்துவிட்டது. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதுப் பதிவுக் கட்டணம் ரூ.20,000, 10 ஆண்டு செல்லும், நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. மைசூரு ஐடியல் ஜாவா 1996-இலேயே மூடிவிட்டது. அசல் சிலிண்டர் கெட்டால் கம்பெனியில் வாங்க முடியாது. வேறு வண்டியின் சிலிண்டரை மாட்டுவதைவிட, பழையதற்கே ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது மேல். கிராங்க் கேஸ் பட்டறைக்குப் போகும்போது இன்ஜின் நம்பரை போட்டோ எடுத்துவையுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கூலியில் பேரம் வேண்டாம். நேரத்திலும் அவசரப்படுத்த வேண்டாம். டேனரி மெஷின் நின்றுபோனால் பட்டறைக்காரர் அதைத்தான் முதலில் பார்ப்பார், அது அவர் அன்றாடப் பிழைப்பு. ஆனால் அளவை எழுதித் தரச் சொல்வதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்ளூரில் அப்படி ஒருவர் அமையவில்லையா? ஜோலார்பேட்டையில் காலை ரயிலேறினால் பெங்களூரில் வேலையை ஒப்படைத்துவிட்டு இரவே வீடு திரும்பிவிடலாம்.