சராசரியை நோக்கித் திரும்புதல்

மழை பொய்த்த ஆண்டில் கொடும்பாவி கட்டி இழுப்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நெடுநாளாய் வழங்கிவந்த வழக்கமாகும். மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், இன்று மாநகரோடு கலந்துவிட்ட பழங்காநத்தம் முதலிய ஊர்கள் தனிச் சிற்றூர்களாய் இருந்த காலத்தில், கண்மாய் நிரம்பினாலன்றி ஏர் பூட்டுதல் அரிது. ஆதலின் மக்கள் இத்தகைய சடங்குகளை நாடியதில் வியப்பொன்றுமில்லை. கொடும்பாவி இழுத்த மறுபருவத்தில் மழை சற்று மிகுந்து பெய்யின், அதற்குச் சடங்கே காரணம் எனத் துணியலாமோ? இவ்வினாவை ஆராய்தற்கு வேண்டிய புள்ளியியல் உண்மையொன்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இவ்வுண்மையை முதன்முதல் அளந்து காட்டியவர் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் ஆவர். அவர் 205 குடும்பங்களில் வளர்ந்த 928 மக்களின் உயரத்தைப் பெற்றோர் உயரத்தோடு ஒப்பிட்டு, 1886ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். பெற்றோரின் உயரம் பொதுச் சராசரிக்கு 3 அங்குலம் மிகுந்திருப்பின், அவர்தம் மக்களின் உயரம் சராசரியாக 2 அங்குலமே மிகுந்திருந்தது. குள்ளமான பெற்றோரின் மக்களோ பெற்றோரினும் சற்று உயர்ந்திருந்தனர். மிக உயர்ந்த மக்களை முதலில் தெரிந்தெடுத்து அவர்தம் பெற்றோரை நோக்கினும், பெற்றோர் சராசரிக்கு அணித்தாகவே காணப்படுவர். மகனிடத்து நிகழ்வது தந்தையின் உயரத்திற்குக் காரணமாதல் இயலாதன்றோ? ஆதலின் இத்திரும்புதல், தனியாற்றல் ஒன்றின் செயலன்று. கோடியிலுள்ளவற்றைத் தெரிந்தெடுத்ததன் விளைவேயாகும்.

இது நிகழுமாற்றைத் தேர்வினின்றும் எளிதில் அறியலாம். ஒரு மாணவன் பெறும் மதிப்பெண்ணில் அவனது திறமும் உண்டு, தற்செயலும் உண்டு. படித்த பகுதியே வினாவாய் வருதல், தேர்வன்று தலைவலி காணுதல் முதலியன தற்செயலைச் சார்ந்தவை. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றோருள், திறத்தாற் குறைந்தோருடன் அன்று காலம் வாய்க்காதோரும் பலர் இருப்பர். அடுத்த தேர்வில் திறம் அவ்வாறே நிற்கும். தீயூழோ எல்லோரிடத்தும் மீண்டும் வாராது. ஆகவே அக்குழுவின் சராசரி தானே உயரும். முதலிடம் பெற்றோர் குழுவின் சராசரி, அவ்வாறே சற்றுத் தாழும்.

இதனை அறியாமையால் விளையும் கேடு சிறிதன்று. இஸ்ரேல் நாட்டு விமானப்படைப் பயிற்சியாளர் சிலர், தாம் பாராட்டிய வீரர் மறுமுறை குன்றுவதையும், கடிந்த வீரர் மறுமுறை தேறுவதையும் கண்டு, பாராட்டு தீது, கடிதலே நன்று என முடிவு கட்டினர். உளநூல் அறிஞர் தானியல் கானெமன் அம்முடிவின் பிழையைக் காட்டினார். பாராட்டாதும் கடியாதும் இருப்பினும் அம்மாறுதல் பெரும்பாலும் நிகழ்ந்தே இருக்கும். பிரம்பைப் போற்றும் ஆசிரியரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நற்செயலை மதிப்பிடுங்காலும் இவ்வெச்சரிக்கை தேவை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 1895இல் பென்னிகுயிக் கட்டிய அணையால் பெரியாற்று நீர் வைகைச் சமவெளியை அடைந்தது. பஞ்ச ஆண்டின் விளைச்சலை அணைக்குப் பிந்திய விளைச்சலோடு ஒப்பிடுவோர், மழை மீண்டதன் பயனையும் அணையின் கணக்கில் எழுதுவோராவர். கால்வாய் பாயும் மேலூர்ப் பக்கத்து வயல்களையும், வானம் பார்த்த நிலங்களையும், ஒரே ஆண்டுகளில் வைத்து ஒப்பிடுவதே நேரிய முறை. அம்முறையால் அணையின் உண்மைப் புகழ் குன்றாது. ஐயத்திற்கு இடமின்றி விளங்கும்.

இங்கு ஒரு மயக்கத்தையும் விலக்குதல் வேண்டும். சராசரியை நோக்கித் திரும்புதல் என்பது, மிகுதியை ஈடுசெய்யக் குறைவு வந்தே தீரும் என்பதன்று. தமிழ்நாட்டில் 2015இல் வடகிழக்குப் பருவமழை சராசரிக்குச் சுமார் 53 விழுக்காடு மிகுந்தும், 2016இல் சுமார் 62 விழுக்காடு குறைந்தும் பெய்தது. முன்னாண்டின் மழை பின்னாண்டின் வறட்சியைக் கடனாக வைத்துச் செல்லவில்லை. பேரளவு மழை பெய்த ஆண்டையடுத்து நாம் எதிர்பார்க்கத் தக்கது ஏறக்குறையச் சராசரி மழையே. ஓராண்டில் அது பொய்க்கலாம். பல ஆண்டுகளைச் சேர்த்து நோக்கின் அவ்வுண்மை புலப்படும்.

ஆதலின், மாணவ நண்பர்களே, ஒரு மருந்தோ, சட்டமோ, தண்டனையோ பயன் தந்தது எனக் கேட்குந்தோறும் இரு வினாக்களை எழுப்புங்கள். அது கையாளப்பட்டது நிலைமை மிக இழிந்திருந்த வேளையிலா? அதனைப் பெறாது அதே நிலையில் இருந்தோர் என்னவாயினர்? இரண்டாம் வினாவிற்கு விடை கிடைக்கும்வரை, புகழையும் பழியையும் நிறுத்தி வைப்பதே அறிவுடைமையாம்.