படிச்சது ஏன் பரீட்சை ஹாலில் மறந்துபோகுது?

மூணாவது செமஸ்டர் கணக்குப் பேப்பருக்கு முந்தின ராத்திரி நோட்ஸை நாலு தடவை வாசிச்சேன். எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருந்தது. ஹாலில் முதல் ஸ்டெப்புக்கு மேல் கை ஓடவில்லை. ரிசல்ட் வந்தது, அரியர்!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலேயே தறி. பயந்துகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "பொறந்ததுலேர்ந்து தறியப் பாக்குறியே, கோர்வை போடுவியாடா?" என்றார்.

எனக்குத் தெரியாது. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், மூணு நாடா, ரெண்டு பேர். பார்த்துப் பழகிய கண் "இது தெரியும்" என்று சொல்லும். கைக்குத் தெரியாது. என் படிப்பும் அப்படித்தான் இருந்திருக்கு!

இதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். 2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதி கொடுத்தார்கள். ஒரு குழு நாலு சுற்றும் அதையே திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்து, மீதி மூணு சுற்றில் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்து டெஸ்ட் வைத்தால் வாசித்த குழுதான் முன்னிலை. ஒரு வாரம் கழித்து வைத்தபோது வாசித்தவர்களுக்கு சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவில் இருந்தது. வேடிக்கை என்னன்னா, "நல்லா ஞாபகம் இருக்கும்" என்று அதிகம் நம்பியது வாசித்த குழுதான்!

அதனால் நான் மாற்றிக்கொண்டது மூணு விஷயம்:

1. ஒரு தலைப்பு முடிந்ததும் நோட்டை மூடி, வெள்ளைத்தாளில் எழுதிப் பார்ப்பது. விட்டுப்போனதை மட்டும் திரும்பப் படிப்பது.
2. அதையே மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் எழுதிப் பார்ப்பது.
3. பழைய கேள்வித்தாளை விடை பார்க்காமல் போடுவது.

ஆரம்பத்தில் பாதித்தாள் காலியாகத்தான் இருக்கும். "எனக்கு மண்டையில ஏறாது" என்று தோன்றும். அங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறோம். நம்ம ஊர் அண்ணா பள்ளிப்படிப்பை இடையில் விட்டு நகராட்சியில் எழுத்தர் வேலை பார்த்தவர். மறுபடியும் படிக்க வந்து, 1934-ல் பச்சையப்பன் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்தார். நடுவில் நின்றால் கதை முடிந்துவிடாது.

அரியரை அடுத்த செமஸ்டரிலேயே கிளியர் பண்ணிட்டேன். மார்க் பெரிசில்லை, ஆனால் எழுதிய எல்லாம் எனக்குப் புரிந்தது. இன்று ராத்திரி ஒரே ஒரு தலைப்பு, ஒரு வெள்ளைத்தாள். நீங்களும் முயன்று பாருங்க!