மூணாவது ரேங்க்... எத்தனை மார்க்?

கேள்வி: மகன் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிறான். வகுப்பில் மூன்றாவது ரேங்க். பரீட்சையில் 625-க்கு எவ்வளவு வாங்குவான் என்று இப்போதே கணிக்க முடியுமா?
– ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: ரேங்கை வைத்து முடியாதம்மா. நாற்பது பேரில் மூன்றாவது என்றால், முப்பத்தேழு பேர் அவனுக்குப் பின்னால் இருக்கிறார்கள், அவ்வளவுதான். வாங்கியது 580-ஆ, 480-ஆ என்பதை ரேங்க் சொல்லாது. வகுப்பே சுமாராக இருந்தால்?

மார்க்கைப் பாருங்கள். 625-இல் 125 பள்ளியே போடும் அகமதிப்பீடு. அதில் பள்ளிகள் கை தாராளம் என்பது ஊரறிந்த சங்கதி. மீதி 500-க்கான எழுத்துத் தேர்வுதான் நிஜப் பரீட்சை. மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாளில் நடக்கும் பிரிபரேட்டரி தேர்வில், அந்த 500-க்கு எவ்வளவு வாங்கினான்? அதுதான் ஓரளவு நம்பத்தக்க தடயம்.

அதற்கும் உத்தரவாதம் இல்லை. தேர்வறைகளை கேமரா மூலம் கண்காணித்த 2024-இல், மாநிலத் தேர்ச்சி விகிதம் முந்தைய ஆண்டின் 83.89-இலிருந்து 73.40-க்குச் சரிந்தது. அதுவும் கருணை மதிப்பெண்ணைக் கூட்டிய பிறகு!

விடைத்தாள்களை வாங்கி, எங்கே மார்க் போனது என்று மகனோடு உட்கார்ந்து பாருங்கள். ரேங்க் விவரத்தைச் சொந்தக்காரர்களுக்கு ரிசல்ட் வந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.