டாப்பெட் ஒலியும் எண்ணெயும்

தறியின் ஓசை சிறிது மாறினாலும் சக்கம்பட்டி நெசவாளர் அடுத்த அறையிலிருந்தே அறிந்துகொள்வார். வண்டி வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கும் அத்தகைய செவி வேண்டும். வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்து இலவம் பஞ்சு மூட்டை ஏற்றி ஆண்டிபட்டிக்கு வரும் வண்டி, அறுவடைக் காலத்தில் ஒரு வாரம் நின்றால் நட்டம் எவ்வளவென்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என்ஜினின் மேற்புறத்தில் ‘டிக், டிக்’ என்று எழுவது பெரும்பாலும் டாப்பெட் ஒலியாகும். வால்வைத் திறக்கும் உறுப்பே டாப்பெட். சூட்டில் உலோகம் விரியுமாதலால் பழைய ஜீப்புகளில் சிறு இடைவெளி விட்டு, திருகினால் அதைச் சரிசெய்வர். புதிய வண்டிகள் பலவற்றில் அந்தத் திருகு இராது. அங்கே ஹைட்ராலிக் டாப்பெட்டினுள் ஒரு சிறு பிளஞ்சரும், அதன்கீழ் என்ஜின் எண்ணெயும் உண்டு. எண்ணெய் உள்ளே புகுந்ததும் ஒரு குண்டு வழியை அடைத்துவிடும். எண்ணெய் அமுங்காதாகையால் இடைவெளி தானே மறையும். 1930இல் அமெரிக்கக் காடிலாக் நிறுவனத்தின் பதினாறு சிலிண்டர் காரிலேயே இது வந்துவிட்டது.

இதை அறியாது, திருகு தேடி மூடியைக் கழற்றிய பணிமனை ஒன்றை நான் கண்டதுண்டு. உண்மையில் அந்த வண்டியில் எண்ணெய்தான் குறைந்திருந்தது!

ஆகவே முதலில் சமதரையில் வண்டியை நிறுத்தி எண்ணெய்க் கோலைப் பாருங்கள். குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும், மிகுந்தால் நுரைக்கும். காற்றுக் கலந்த எண்ணெய் அமுங்கிவிடுமாதலால் ஒலி எழும். எண்ணெய் கறுத்துக் கெட்டியாயிருப்பின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றுக. பிளஞ்சரைச் சுற்றியுள்ள இடம் மிக நுண்ணியது. சிறு பிசினே அதைச் சிக்கவைக்கும்.

காலையில் முதன்முறை இயக்குகையில் சில விநாடிகள் ஒலித்து அடங்கினால் கவலையில்லை. சூடேறிய பின்னும் நின்றால், நீண்ட திருப்புளியின் பிடியைக் காதருகே வைத்து, முனையை மூடியின்மேல் ஊன்றி இடத்தை அறியலாம். பெல்ட்டையும் விசிறியையும் விட்டு விலகி நிற்றல் வேண்டும். நிமிடத்திற்கு 800 சுற்றில் ஒரு வால்வு 400 முறையே திறக்கும். சுற்றுக்கு ஒருமுறை வரும் கனத்த தட்டல் வேறு நோய். எல்லா டாப்பெட்டும் ஒருங்கே ஒலித்தாலோ, எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தாலோ, மலைச்சாலையாயினும் உடனே என்ஜினை நிறுத்துக.

கழற்ற நேர்ந்தால் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். ஒன்றின் பிளஞ்சர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. பொருத்தியபின் உடனே இயக்காது, கையேடு கூறும் நேரம் காத்திருக்க வேண்டும்; இல்லையேல் மிகுந்த எண்ணெய் வடியாமல் வால்வு திறந்தே நின்று பிஸ்டனில் மோதக்கூடும்.