கட்டைவிரல் சோதனை

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் கிடைத்தது. பட்டறையில் இருக்கும் முழங்கால் வகை மில்லிங் மெஷினுக்கு டி.ஆர்.ஓ. (டிஜிட்டல் ரீட்அவுட்) வாங்கியிருக்கிறார்கள், மாட்டும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தப் பயம் நல்லதுதான். ட்ரில்லைக் கையில் எடுக்கும் முன் யோசிக்க வைக்கும்.

எதற்காக மாட்டுகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள். கைப்பிடி டயல் காட்டுவது ஸ்க்ரூ சுற்றிய அளவை. டேபிள் நகர்ந்த அளவை அல்ல. தேய்ந்த மெஷினில் திசை மாற்றும்போது கைப்பிடி கொஞ்சம் சும்மா சுற்றும், டேபிள் அசையாது. டி.ஆர்.ஓ.வின் கண்ணாடி ஸ்கேல் டேபிளின் நகர்வையே படிக்கிறது. 20 மைக்ரானுக்கு ஒரு கோடு உள்ள ஸ்கேலில், ரீடிங் ஹெட்டுக்குள் இரண்டு சிக்னல்கள் கால் சுற்று முன்பின்னாக எழும். அவற்றைக் கொண்டு ஒவ்வொரு இடைவெளியும் நான்காகப் பிரிந்து 5 மைக்ரான் ஆகிறது. எது முந்துகிறது என்பதை வைத்துத் திசை தெரிகிறது.

எக்ஸ் ஸ்கேலை டேபிளின் பின்பக்கம் வைப்பது வழக்கம். ஆனால் டேபிளைத் தூண் வரை தள்ளிப் பார்க்காமல் துளை போடாதே. ஸ்கேலின் தடிமன் அளவுக்கு ஒய் ஓட்டம் குறையும். டேபிளை இரண்டு கடைசிக்கும் ஓட்டி, ஹெட் ஸ்கேலின் முனையில் இடிக்காது என்று உறுதி செய்துகொள். சாடிலில் ஆயில் போகும் வழி எங்கே என்று பார்த்த பிறகே டேப் போடு.

வார்ப்பின் பக்கம் சமமாக இருக்காது. பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசியிருப்பார்கள். அதைச் சுரண்டிவிட்டு, தள்ளு ஸ்க்ரூ வைத்த பட்டைத் தகட்டின் மேல் ஸ்கேலை மாட்டு. டயல் இண்டிகேட்டரைச் சாடிலில் நிறுத்தி, டேபிளை ஓட்டி, ஸ்கேலின் மேல்முகத்தையும் முன்முகத்தையும் முழு நீளத்துக்கும் 0.1 மி.மீ.க்குள் கொண்டுவா. 300 மி.மீ.யில் 0.1 சாய்ந்தால் அளவில் வரும் பிழை ஒரு மைக்ரான்கூட இல்லை. ஆனாலும் ஹெட் இறுகும், உள்ளே தேயும். அதற்காகத்தான் இத்தனை பாடு. ரப்பர் உதடுகள் கீழ் நோக்கி இருக்கட்டும். சுருளும் கூலண்டும் உள்ளே போகக் கூடாது.

இனி ஹெட்டைச் சாடிலில் தாங்கும் பிராக்கெட். நான் முதன்முதலில் மாட்டியபோது 3 மி.மீ. தகட்டை நீளமாக வளைத்து ஹெட்டைத் தொங்கவிட்டேன். எண்கள் பளிச்சென்று ஓடின, எனக்கு ஒரே பெருமை. மறுநாள் போட்ட துளைகளின் இடைவெளி 0.03 மி.மீ. தவறியது. அரை நாள் ஸ்க்ரூவையும் ஜிப்பையும் குறை சொன்னேன். கடைசியில் ஹெட்டைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். டேபிள் நிற்கிறது, எண் நகர்கிறது! ரப்பர் உதட்டின் உரசலே திசைக்குத் திசை அந்தத் தகட்டை வளைத்துக்கொண்டிருந்தது. 12 மி.மீ. தகட்டில் குட்டையாக ஒன்று செய்து மாட்டியதும் சரியானது.

ஒன்றை மனதில் வை. ஸ்கேலுக்கும் ஹெட்டுக்கும் நடுவே நடப்பது மட்டுமே திரையில் தெரியும். ஸ்கேல் இருப்பது பின்பக்கம், கட்டர் வெட்டுவது நடுவில். இரண்டுக்கும் 200 மி.மீ. தூரம் இருந்து, ஓடும்போது டேபிள் 10 விகலை (ஆர்க் செகண்ட்) திரும்பினால் ஏறக்குறைய 0.01 மி.மீ. பிழை வரும். திரை அதைக் காட்டாது. எர்ன்ஸ்ட் அபே 1890-இல் சொன்ன அளவீட்டு விதி இதுதான்: அளக்கும் கோடும் அளக்கப்படும் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்க்ரூவின் ஆட்டத்தையும் டி.ஆர்.ஓ. போக்காது. அதனால் வெட்டும்போது ஓடாத அச்சைப் பூட்டு.

மாட்டி முடித்ததும் வேலை நடக்கும் இடத்தில் ஸ்லிப் கேஜ் வைத்து, டயல் இண்டிகேட்டரால் தொட்டு, திரையில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார். அதற்கும் முன்னால் கட்டைவிரலை வை. எண் எவ்வளவு நகர்ந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா