ராஜினாமாவுக்கு முன்

கேள்வி: தாம்பரம் மெப்ஸில் வேலை பார்க்கிறேன். குழந்தைக்கு இரண்டு வயது. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே சத்துமாவு, பொடி வகைகள் செய்து விற்கலாமா? - வாசகி, சேலையூர்

பதில்: விற்கலாம். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் சற்றுத் தள்ளிப்போடுங்கள். வேலையோடு அலுவலக மருத்துவக் காப்பீடும் போய்விடும்; தனிக் காப்பீடு, வீட்டுக் கடன் எதுவானாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். குழந்தைதான் காரணம் என்றால் இன்னொன்று: 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் 2017-லிருந்தே சட்டப்படி கட்டாயம். கேட்டுப் பார்த்தீர்களா?

அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் பாராட்டு குவியும். அதே ஆட்கள் இரண்டாம் முறை காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று பாருங்கள். விலை போடும்போது தானியம், அரவைக் கூலி, கவரோடு உங்கள் நேரத்துக்கும் கூலி சேருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்.

வீட்டுச் சமையலறைக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும், 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

1959-ல் மும்பையில் 80 ரூபாய் கடனில் லிஜ்ஜத் அப்பளம் பிறந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். தொடங்கியவர்கள் ஏழு பெண்கள் என்பது அதில் அமுங்கிப்போகும். குழந்தைக்குக் காய்ச்சல் வரும் நாளில் ஆர்டரை யார் பார்ப்பது? அந்த ஆளை முதலில் தேடுங்கள்.