கையெழுத்திடும் முன்

நுழையும்முன்

படையில் சேர விரும்பும் இளைஞர் பலர். விருப்பம் மட்டுமே முடிவாகிவிடுமா? முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை எவை? புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் உரையாடல் வழியே அறிவோம்.

பாடம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த அன்று மாலை, மகன் தந்தையின் அருகில் வந்து அமர்ந்தான்.

"அப்பா, அக்னிவீரர் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பதினெட்டு வயது நிறையாதவர் சேர்வதற்குப் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். நீங்கள் இடுவீர்களா?"

தந்தை உடனே விடை கூறவில்லை. வேலூரிலிருந்து வந்திருந்த தாத்தா நிமிர்ந்து பார்த்தார். அவர் மதராஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 1758ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அப்பிரிவின் பயிற்சி மையம் நீலகிரியின் வெலிங்டனில் உள்ளது.

"ஏன் சேர விரும்புகிறாய்?" என்று வினவினார் தாத்தா.

"நாட்டிற்குப் பணி செய்ய வேண்டும்" என்றான் மகன். சற்றுத் தயங்கி, "கல்லூரிக் கட்டணம் அப்பாவுக்குச் சுமையாகும் என்பதும் ஒரு காரணம்" என்றான்.

"இரண்டும் இழிவான காரணங்கள் அல்ல. ஆயினும் இரண்டையும் பிரித்துப் பார். கட்டணத்திற்கு வழி பிறந்தால், அப்போதும் சேர்வாயா?"

மகன் மௌனமானான். பின்னர்த் தான் குறித்து வைத்திருந்தவற்றைப் படித்தான். 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி, பணிக்காலம் நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டில் மாத ஊதியம் ரூ.30,000. அதில் 30 விழுக்காடு சேவைநிதிக்குச் செல்லும். அதே அளவு தொகையை அரசும் செலுத்தும். நான்கு ஆண்டுகளின் முடிவில் ஏறத்தாழ ரூ.11.71 லட்சம் கிடைக்கும். 25 விழுக்காட்டினர் வரை நிலையான பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். ஏனையோர்க்கு ஓய்வூதியம் இல்லை.

"எனக்கு ஓய்வூதியம் வருகிறது. என் காலத்தை அளவுகோலாகக் கொள்ளாதே" என்றார் தாத்தா. "நால்வரில் ஒருவனாக நீ இருக்கலாம், மூவரில் ஒருவனாகவும் இருக்கலாம். இருபத்திரண்டாம் வயதில் திரும்பி வந்தால் என்ன செய்வாய் என்பதையும் இன்றே எண்ணிப் பார். பனிமலையில் காவல் நின்ற இரவுகளில் நானும் அஞ்சியதுண்டு. என் தங்கையின் திருமணத்திற்கும் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆணை வந்தபின், 'இப்பணி எனக்கு ஏற்றதா?' என்று கேட்க நேரமிராது. அதைக் கேட்கும் காலம் இதுவே."

"வேறு வழிகளும் உள்ளன" என்றார் தந்தை. "நம் நகருக்கு அருகில் கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாதமி இருக்கிறது. நுழைவுத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் வென்றால், மூன்றாண்டுப் பயிற்சியுடன் பட்டமும் பெறலாம். 2022 முதல் பெண்களும் அங்குப் பயில்கின்றனர். பட்டப்படிப்பை முடித்தபின் தேர்வெழுதி, சென்னையில் பயிற்சி பெற்று அதிகாரியாகலாம்."

அதுவரை பேசாதிருந்த தாய், "போகாதே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், எங்கள் பணத்தட்டுப்பாட்டிற்காகப் போனாய் என்றால் எனக்கு உறக்கம் வாராது" என்றார்.

தந்தை மகனின் தோளில் கை வைத்தார். "கையெழுத்திட மறுக்கவில்லை. நாளை இருவரும் வங்கிக்குச் சென்று கல்விக்கடன் குறித்து விசாரிப்போம். பத்து நாள்கள் சிந்தித்துப் பார். அதன்பின்னும் நீ கேட்டால், கையெழுத்திடுவேன். சேராமல் படிக்க விரும்பினாலும் உன்னைக் கோழை என்று எவரும் சொல்லார்."

மறுநாள் விடியற்காலையில் மகன் வழக்கம்போல் ஓட்டப்பயிற்சிக்குச் சென்றான். திரும்பியபின், தந்தையுடன் வங்கிக்குப் புறப்பட்டான்.

சொல்லும் பொருளும்

இழிவு – தாழ்வு
ஏனையோர் – மற்றவர்கள்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
கோழை – துணிவற்றவர்

மதிப்பீடு

1. மகன் கூறிய இரு காரணங்கள் யாவை?
2. "என் காலத்தை அளவுகோலாகக் கொள்ளாதே" எனத் தாத்தா கூறியது ஏன்?
3. தாயின் கவலை யாது? அது பொருத்தமானதா? விளக்குக.
4. பத்து நாள்களுக்குப் பின் மகன் எடுத்த முடிவு எதுவாக இருக்கும்? காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

செயல்பாடு

தன் ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் பற்றி ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றுப் பாடலை ஆசிரியர் உதவியுடன் படித்து, இப்பாடத்தின் தாயுடன் ஒப்பிடுக.